1972 மே 22, பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு வீடு: கூடத்தில் வால்வு செட்டா, திண்ணையில் டிரான்சிஸ்டரா?

காட்சியறை:
எங்கள் கிளை நூலகத்தின் பின்னறையில் ஒரே ஒரு நாளைக் காட்சியாக வைக்கப் போகிறோம். 1972 மே 22, திங்கட்கிழமை. பரிதாபி வருஷம், வைகாசி மாதம். பட்டுக்கோட்டைக்குத் தெற்கே ஓர் ஊர், தெருவுக்கு மின்கம்பம் வந்துவிட்டது, ஓட்டு வீடு, ஒரு கூடம், ஒரு திண்ணை. அன்றைக்குத்தான் இலங்கை குடியரசானது என்பதால் அந்தத் தேதி. காலையிலிருந்து இரவு வரை அந்த வீட்டில் காதில் விழுந்தது என்ன என்பதுதான் காட்சியின் மையம்.

இதுவரை போட்ட திட்டம் இது. கூடத்தில் பச்சைக் கண் உள்ள வால்வு ரேடியோ (உள்ளே கண்ணாடிக் குழல்கள் சூடாகி வேலைசெய்யும் பெட்டி), சுவரில் வலை ஏரியல். ரேடியோ பக்கத்தில் "திருச்சி 936, திருநெல்வேலி 1197" என்று ஒரு சீட்டு. மாலையில் இலங்கை வானொலி அறிவிப்பாளர் "இன்று முதல் நம் நிலையத்தின் பெயர் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் என்று மாறுகிறது" என்று சொல்வதுபோல் ஒரு குரல்பதிவு. மேசையில் முகவரி எழுதிய ஓர் இன்லண்ட் கடிதம், ரேடியோ லைசென்சு புத்தகம், கொஞ்சம் சில்லறை. குழுவில் ஒருவர் மூலையில் டிவி வேண்டும் என்கிறார். இன்னொருவர் வால்வு ரேடியோவே தவறு, டிரான்சிஸ்டர்தான் என்கிறார். தெரிந்தவர்கள் அடித்துச் சொல்லுங்கள்.

ஏரியல்கம்பி:
டிவியை முதலில் எடுத்துவிடுங்கள். சென்னையில் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15-ல்தான் வந்தது. பம்பாய்க்கே 1972 அக்டோபர் 2-ல்தான். மே மாதம் பட்டுக்கோட்டையில் டிவி பெட்டி இருந்தால் அது வெறும் மரப்பெட்டி.

அந்தச் சீட்டும் போகவேண்டும். 936-ம் 1197-ம் ஒன்பதால் வகுபடும் எண்கள். மத்திய அலை நிலையங்களை ஒன்பது ஒன்பது கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் நிறுத்தியது 1978 நவம்பர் 23 முதல். அதற்கு முன் நம் பக்கம் பத்துப் பத்தாகத்தான் அடுக்கு. ஆறு வருஷம் கழித்து வந்த எண்ணை 1972 சுவரில் ஒட்டக்கூடாது. அந்தக் காலத்து வீட்டில் எண் யார் பார்த்தார்கள்? கண்ணாடி டயலில் ஊர்ப்பெயர் அச்சடித்திருக்கும். அது பொருந்தாத இடத்தில் பென்சிலால் ஒரு கோடு, இல்லாவிட்டால் குங்குமப்பொட்டு. அதை வையுங்கள், போதும்.

பெயர் மாற்ற அறிவிப்பு எல்லாவற்றையும்விடப் பெரிய பிழை. 1967 ஜனவரியில் கூட்டுத்தாபனம் ஆனபோதே தமிழில் "இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம்" என்றுதான் பெயர். 1972 மே 22-ல் மாறியது ஆங்கிலப் பெயர்தான். சிலோன் போய் ஸ்ரீலங்கா வந்தது. தமிழில் நாம் என்றைக்குமே இலங்கை என்றுதான் சொல்லிவந்தோம், அதனால் தமிழ்க் காதுக்கு அன்று நிலையத்தின் பெயர் ஒரு எழுத்துகூட மாறவில்லை. உங்கள் குரல்பதிவு நடக்காத ஒன்றை நடத்திக் காட்டும். தயவுசெய்து நீக்குங்கள். குடியரசான சேதி செய்தியில் வந்ததாகக் காட்டுங்கள், அது சரி.

வால்வு செட் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வீடு என்று ஒன்று இருந்து, மின்சாரமும் இருந்தால், கூடத்தில் பலகை அடித்து மேலே துணி போர்த்தி வைத்த பெட்டிதான். ஒருமுறை வாங்கினால் பதினைந்து, இருபது வருஷம் வைத்திருந்த பொருள் அது. 1960-ல் வாங்கிய மர்ஃபியோ பிலிப்ஸோ புஷ்ஷோ 1972-ல் குப்பைக்குப் போயிருக்காது. கடையில் புதிதாக என்ன விற்றது என்பதை வைத்து வீட்டில் என்ன இருந்தது என்று முடிவு கட்டக்கூடாது.

நான்குகட்டை:
ஏரியல்கம்பி சார் டிவியிலும் எண்ணிலும் பெயரிலும் சொன்னது முழுக்கச் சரி. கடைசிப் பத்தியில்தான் நான் எதிர்க்கிறேன்.

ஊருக்குக் கம்பி வந்தது வேறு, வீட்டுக்குள் வந்தது வேறு. வீட்டுக்குள்ளும் வந்தது என்றே வைத்துக்கொள்வோம். அது எப்படிப்பட்ட மின்சாரம்? மே மாதம். மேட்டூர் அணை வழக்கமாகத் திறப்பது ஜூன் 12. மே 22-ல் கல்லணைக் கால்வாயில் தண்ணீர் கிடையாது. நாற்றங்காலுக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் பம்புசெட்தான். வரிசையாக மோட்டார்கள் ஓடும்போது கம்பத்தின் கடைசி வீட்டில் 230 வோல்ட் வராது. 180, 170 என்று இறங்கும். குண்டு பல்பு மஞ்சளாகும்.

அந்த 170-ல் உங்கள் வால்வு செட் என்ன செய்யும்? ஏசி, டிசி இரண்டு மின்சாரத்திலும் ஓடும் மலிவான ஏசி-டிசி செட்டையே எடுத்துக்கொள்வோம், சின்ன ஊரில் அதுதான் அதிகம் நடமாடியது. டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. யுசிஎச் 81, யுபிஎஃப் 89, யுசிஎல் 82, யுஒய் 85 என்று நான்கு வால்வு. வால்வைச் சூடாக்கும் இழைகள் வரிசையாக ஒரே சரத்தில். 19, 19, 50, 38, மொத்தம் 126 வோல்ட். ஓடவேண்டிய மின்னோட்டம் 100 மில்லிஆம்பியர். மீதி 104 வோல்ட்டை ஒரு கம்பிச்சுருள் ரெசிஸ்டர் பத்து வாட் வெப்பமாக விழுங்குகிறது. வோல்டேஜ் 170-க்கு இறங்கினால் இழை சரியாகச் சூடாகாது. முதலில் நிற்பது எது? நிலையத்தைப் பிரித்துப் பிடிக்க உதவும் அலையைச் செட்டுக்குள்ளேயே உண்டாக்கும் ஆஸிலேட்டர், மிக்ஸர் வால்வில் இருப்பது. அதிலும் சிற்றலையில்தான் முதலில் நிற்கும். மத்திய அலையில் திருச்சி பாடிக்கொண்டிருக்கும், பாண்டைத் திருப்பிச் சிற்றலைக்குப் போனால் வெறும் இரைச்சல். இலங்கை கேட்பதற்காக வாங்கிய செட் இலங்கையைத் தவிர மற்றதைப் பிடிக்கும்!

டிரான்சிஸ்டருக்கு இந்தத் தொல்லை இல்லை. நான்கு பெரிய பேட்டரிக் கட்டை, ஆறு வோல்ட். மெதுவாக வைத்தால் 20, 30 மில்லிஆம்பியர்தான் இழுக்கும். ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம் கேட்டால் ஒரு மாதத்துக்குக் கிட்டத்தட்ட வரும். கட்டை இறங்கியதும் வெயிலில் வைத்து எடுத்தால் இன்னும் இரண்டு நாள். அது மூடநம்பிக்கை இல்லை, சூட்டில் உள்ளே வேதிவினை கொஞ்சம் வேகமாகும். மின்சாரமே இல்லாத வீட்டிலும் வரப்பிலும் கடைவீதியிலும் கூடவே வரும். 1972-ல் பாட்டு கேட்ட காதுகளை எண்ணினால் டிரான்சிஸ்டர் பக்கம்தான் கூட்டம்.

மைக்செட்:
இரண்டு பேருமே வீட்டுக்குள்ளேயே நிற்கிறீர்கள். வைகாசி மாதம், முகூர்த்த மாதம் என்பதை மறந்துவிட்டீர்களே! அந்த ஊரில் காலை ஐந்து மணிக்குக் காதில் விழுந்தது ரேடியோவே இல்லை. கல்யாண வீட்டுக் குழாய் ஸ்பீக்கர். மரத்தில் கட்டின இரண்டு ஹார்ன். அந்தச் சத்தம் சன்னல் வழியாக உள்ளே வராத காட்சியறை எனக்கு ஏற்கமுடியாது.

சரியாகச் செய்வதானால் கவனிக்கவேண்டியது இது. ஹார்னுக்குள் இருக்கும் யூனிட் 16 ஓம். இரண்டைப் பக்கவாட்டாக இணைத்தால் 8 ஓம். ஆம்ப்ளிஃபயரில் அதே 8 ஓம் முனையில் போட்டால்தான் சரியான சத்தம். கம்பி நூறு, நூற்றைம்பது அடி தாண்டினால் கம்பியே நிறையச் சக்தியைத் தின்றுவிடும். அப்போது 100 வோல்ட் லைன் முனைக்கு மாறி, ஸ்பீக்கர் பக்கம் ஒரு மேட்சிங் டிரான்ஸ்ஃபார்மர் வைக்கவேண்டும். மின்சாரம் இல்லாத தெருவென்றால் 12 வோல்ட் கார் பேட்டரியில் ஓடும் ஆம்ப்ளிஃபயர்.

ஹார்ன் கனத்த ஒலியைத் தராது. 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அடியோடு இல்லை. மிருதங்கத்தின் தொப்பி காணாமல் போய், பாடுகிறவரின் குரலும் ஷெனாயும் ஊரைத் தாண்டிப் போகும். நீங்கள் இன்றைய தெளிவான பதிவை அப்படியே ஒலிக்கவிட்டால் 1972 இல்லை. 300-க்குக் கீழும் 5000-க்கு மேலும் வெட்டிவிட்டு, கொஞ்சம் தள்ளி, சுவருக்கு வெளியே ஸ்பீக்கரை வையுங்கள்.

தட்டு விஷயத்திலும் ஒன்று. 78 வேக அரக்குத் தட்டு அப்போது விடைபெற்றுக்கொண்டிருந்தது. புதுப்படப் பாட்டு 45 வேகச் சின்னத்தட்டில், பக்கத்துக்கு இரண்டு பாட்டாக. ஆனால் மைக்செட்காரர் பெட்டியில் பழைய 78-ம் கிடக்கும். 78-ல் ஒரு பக்கம் மூன்று நிமிஷம் சொச்சம். ஆகவே மூன்று நிமிஷத்துக்கு ஒருமுறை ஓர் இடைவெளி, முள் விழும் கரகரப்பு, பிறகு பாட்டு. அந்த இடைவெளியை விடாதீர்கள். கேசட் சத்தம் வேண்டாம். அந்த ஊரில் அப்போது டேப் என்றால் ஸ்பூல், அதுவும் ஊருக்கு ஒன்று இருந்தால் பெரிது.

அஞ்சல்பெட்டி:
மேசைப் பொருட்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அங்கேதான் காட்சிகள் மானம் போகும்.

கடிதத்தில் பின்கோடு எழுதிவிடாதீர்கள். பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15. மூன்று மாதம் முந்திப்போகும். முகவரியில் ஊர், வழி, வட்டம், தஞ்சாவூர் மாவட்டம் என்று எழுதவேண்டும். பட்டுக்கோட்டை அப்போதும் தஞ்சாவூர் மாவட்டம்தான், ஆனால் அந்த மாவட்டம் இன்றைய நாகப்பட்டினம், திருவாரூர் எல்லாம் சேர்ந்த பெரிய மாவட்டம். மாநிலம் "தமிழ்நாடு". 1969 ஜனவரியிலேயே பெயர் மாறிவிட்டது.

இன்லண்டில் வழக்கமான தபால் கட்டணத்துக்கு மேலே ஐந்து காசுத் தபால்தலை ஒன்று கட்டாயம் ஒட்டவேண்டும். வங்காள அகதிகள் நிவாரணத்துக்கான வரி அது. 1971 நவம்பர் 15-ல் தொடங்கி 1973 மார்ச் 31 வரை இருந்தது. முதலில் குடும்பநலத் தலையின் மேல் எழுத்து அச்சடித்து விட்டார்கள், டிசம்பர் முதல் அதற்கென்றே தனித்தலை. உங்கள் நாள் நட்டநடுவில் விழுகிறது. ஒரு 1972 கடிதம் உண்மையா என்று பார்ப்பவர் முதலில் தேடுவது இந்தத் தலையைத்தான்.

சில்லறையில் 10 காசு இரண்டு வகையும் கலந்திருக்கட்டும்: மஞ்சள் பித்தளையும், 1971 முதல் வந்த அலுமினியமும். தாமரை போட்ட 20 காசு, சதுர 5 காசு, அறுகோண 3 காசு எல்லாம் புழக்கத்தில் இருந்தவை. காசு அட்டையில் "நயா பைசா" என்று எழுதாதீர்கள், 1964-ல் "நயா" போய்விட்டது. பேச்சில் மட்டும் அணா சாகவில்லை. குரல்பதிவில் யாராவது "இருபத்தைந்து பைசா" என்றால் அந்த வீட்டுப் பேச்சாகாது, "நாலணா" என்றால்தான் ஆகும்.

லைசென்சு புத்தகம் வைப்பது நல்ல யோசனை. வீட்டு செட்டுக்கு ஆண்டுக்கு 15 ரூபாய், தபால் நிலையத்தில் கட்டிப் புதுப்பிக்கவேண்டும். நான்குகட்டை சார் கவனிக்க: கையில் தூக்கிக்கொண்டு போகும் டிரான்சிஸ்டருக்கும் லைசென்சு வேண்டும். இந்த வழக்கம் எண்பதுகளின் நடுவில்தான் ஒழிந்தது.

ஏரியல்கம்பி:
நான்குகட்டை சொன்ன ஆஸிலேட்டர் கணக்கு சரி. மறுக்கமாட்டேன். ஆனால் அது ஏசி-டிசி செட்டின் நோய். டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஏசி செட்டில் பின்னால் வோல்டேஜ் தட்டு இருக்கும். 200, 220, 240 என்று முனைகள். குறைந்த வோல்டேஜ் ஊரில் அதை 200-க்கு மாற்றி வைப்பது ரேடியோ ரிப்பேர் கடையில் முதலில் செய்வது. 180 வந்தாலும் இழைக்குப் போதும். ஆனால் ராத்திரி பத்து மணிக்கு மேல் மோட்டார்கள் நின்று கம்பி 240-க்கு ஏறும்போது அதே 200 முனை வால்வைச் சுட்டுத் தின்னும். அதனால்தான் வசதி உள்ளவர்கள் ஸ்டெபிலைசர் வைத்தார்கள். இந்தப் பிரச்சினையை ஊர் சமாளித்தது, கைவிட்டுவிடவில்லை.

டிரான்சிஸ்டரின் குறையையும் சொல்லுங்கள். 1972 செட்டுகளில் பெரும்பாலும் இருந்தது ஜெர்மானியத்தால் செய்த டிரான்சிஸ்டர். ஒலியைப் பெருக்கும் ஏசி 128 ஜோடியில், சூடு பத்து டிகிரி ஏறினால் கசிவு மின்னோட்டம் ஏறக்குறைய இருமடங்கு. கத்திரி வெயிலில் தோலுறைக்குள் மூடி, திண்ணையில் வெயில் விழும் இடத்தில் வைத்தால் ஒலி பிசிறும், கட்டை வேகமாகத் தீரும். கட்டை ஒவ்வொன்றும் ஒரு வோல்ட்டுக்குக் கீழே வந்ததும் "டப டப டப" என்று படகு மோட்டார்போல் அடிக்க ஆரம்பிக்கும். உங்கள் "ஒரு மாதம்" மெதுவாகக் கேட்டவருக்குத்தான். தெருவே கேட்கட்டும் என்று திருகியவருக்கு 80, 100 மில்லிஆம்பியர் போகும், பத்துப் பன்னிரண்டு நாளில் முடிந்தது.

ஒலியையும் பேசவேண்டும். மூன்று அங்குல ஸ்பீக்கர் எங்கே, மரப்பெட்டிக்குள் எட்டு அங்குலம் எங்கே? ஆறேழு பேர் உட்கார்ந்து கேட்கும் கூடத்துக்கு அந்தப் பெட்டி வேண்டும்.

காட்சியறைக்கு: கூடத்தில் வலை ஏரியல் மட்டும் போதாது. அது வீட்டுக்குள் கட்டும் இரண்டு அங்குல அகலச் செம்புவலை. திருச்சிக்குப் போதும், கொழும்பைத் தெளிவாகக் கேட்க ஆசைப்பட்ட வீட்டில் கூரைமேல் கம்பி இருக்கும். இரண்டு சவுக்குக் கம்பு, நடுவே நாற்பது அடிச் செம்புக் கம்பி, இரு முனையிலும் பீங்கான் குண்டு இரண்டிரண்டு, கிழக்கு மேற்காக இழுத்துக் கட்டவேண்டும். தெற்கிலிருந்து வரும் இலங்கைக்கு அகலம் காட்டவேண்டுமே. ஒரு முனையிலிருந்து இறக்கும் கம்பியைப் பற்றவைத்து இறக்கவேண்டும், முறுக்கிவிட்டால் கடல்காற்றில் பச்சை பிடித்து மூன்று மாதத்தில் கரகரக்கும். சன்னல் பக்கம் ஒரு கத்திச் சுவிட்சு, இடி வந்தால் கம்பியை எர்த்துக்குத் திருப்ப. எர்த்துக்கு ஆறடி இரும்புக் குழாய், சுற்றிலும் கரியும் உப்பும்.

நான்குகட்டை:
வோல்டேஜ் தட்டைப் பற்றி ஒப்புக்கொள்கிறேன். ஜெர்மானியச் சூட்டையும் ஒப்புக்கொள்கிறேன், ஆனால் திண்ணையில் நிழல் என்று ஒன்று உண்டு.

ஏரியல் திசையை மட்டும் விடமாட்டேன். நாற்பது அடி என்ற நீளம் நல்ல தேர்வு. சிற்றலையில் இலங்கை வரும் 25 மீட்டர் அலையின் பாதி பன்னிரண்டரை மீட்டர், அதாவது 41 அடி. ஆனால் கிழக்கு மேற்காகக் கட்டினால்தான் இலங்கை வரும் என்பது தூரத்து நிலையத்துக்கான விதி. இலங்கை வானொலியின் சிற்றலை ஒலிபரப்பிகள் இருந்த, கொழும்புக்கு வடக்கே உள்ள ஏக்கலைக்கும் பட்டுக்கோட்டைக்கும் நேர்க்கோட்டில் நானூறு கிலோமீட்டருக்குள்தான். அலை எங்கே மோதித் திரும்புகிறது? ஏறக்குறைய முந்நூறு கிலோமீட்டர் உயரத்தில், மேல்வானத்தின் மின்னேறிய அடுக்கில். கணக்குப் போட்டால் அது நம் கூரைக்கு 55, 60 டிகிரிச் சாய்வில், கிட்டத்தட்ட தலைக்கு மேலிருந்து இறங்குகிறது. மேலிருந்து வருவதற்குக் கம்பி கிழக்கு மேற்காக இருந்தால் என்ன, வடக்கு தெற்காக இருந்தால் என்ன? வீடு எந்தப் பக்கம் நீளமோ அந்தப் பக்கம் கட்டலாம். உயரத்தையும் பற்றவைப்பையும் எர்த்தையும் கவனித்தால் போதும்.

இந்தச் செங்குத்து வரவுதான் ஒலி ஏறி இறங்குவதற்கும் காரணம். ஒரே நிலையத்திலிருந்து இரண்டு வழியாக வரும் அலைகள் சேர்ந்தும் முரண்பட்டும் வருகின்றன. பகலில் அந்த மேல்வான அடுக்கு திடமாக இருக்கும்போது 25 மீட்டர் பக்கம் எடுபடும், இருட்டி நேரம் ஆக ஆக அது தலைக்கு மேல் திரும்பாமல் வெளியே ஓடிவிடும், அப்போது 41, 49 மீட்டர் பக்கம் இறங்கவேண்டும். குரல்பதிவில் ஒலி ஒரே சீராக இருந்தால் அது இலங்கை இல்லை. ஐந்தாறு நொடிக்கு ஒருமுறை அலைபோல் மங்கி ஏறவேண்டும். மங்கும்போது கரகரப்பு மேலே வரும், ஏனென்றால் செட் தானாக உணர்வைக் கூட்டிக்கொள்கிறது.

மத்திய அலையில் மாலை நேரத்துக்கு வேறு ஒலி வேண்டும். மே மாதம் கோடை இடி எங்காவது நூறு மைல் தள்ளி வெட்டிக்கொண்டே இருக்கும். திருச்சி நிகழ்ச்சிக்கு நடுவே "சடார், சடார்" என்று வெடிக்கும். அந்தச் சத்தம் இல்லாமல் வைகாசி மாலை முழுமையாகாது.

ஒன்று கேட்கிறேன். வால்வு செட்டுக்கு இவ்வளவு வாதாடுகிறீர்களே, கேட்டது எதை? அகில இந்திய வானொலி 1952 வாக்கில் சினிமாப் பாட்டை ஒதுக்கியபோது இலங்கை பிடித்துக்கொண்ட நேயர்கள் இவர்கள். 1957-ல் அகில இந்திய வானொலியின் சினிமாப் பாட்டுச் சேவையான விவித் பாரதி வந்தும், பிறகு விளம்பரமும் வந்தும் அவர்கள் போகவில்லை. மயில்வாகனம், அப்துல் ஹமீது போன்ற இலங்கை அறிவிப்பாளர்களின் தமிழுக்காகவும், தங்கள் பெயரை வாசிப்பார்கள் என்பதற்காகவும் காத்திருந்தார்கள். அப்படிக் காத்திருந்தவர்களில் பாதிப்பேர் பெண்கள், இளைஞர்கள். கூடத்துப் பெட்டியின் திருகு பெரியவர் கையில். டிரான்சிஸ்டர் வந்த பிறகுதான் அடுப்படிக்கும் கிணற்றடிக்கும் பாட்டு போனது. அந்த மாற்றம் நடந்துகொண்டிருந்த வருஷம் 1972. அதைக் காட்டாமல் வெறும் மரப்பெட்டியைக் காட்டுவது பாதிக் கதை.

ஏரியல்கம்பி:
ஏரியல் திசையில் நீங்கள் சொல்வதே சரி. நாற்பது அடியை வீட்டின் நீளவாக்கில் கட்டுங்கள் என்று திருத்திக்கொள்கிறேன்.

திருகு யார் கையில் என்ற கேள்வியும் நியாயமானது. ஆனால் பகலில் பெரியவர் வெளியே போனபின் கூடத்துப் பெட்டியும் வீட்டுப் பெண்கள் கையில்தான். அந்த நேரத்தில் அடுப்படி வரை கேட்கும் அளவு சத்தம் அந்தப் பெட்டிக்குத்தான் உண்டு. இரண்டையும் வையுங்கள் என்றால் எனக்குத் தடையில்லை, ஆனால் காட்சியின் நடுவில் வால்வு செட்.

நான்குகட்டை:
நடுவில் வால்வு, சரி. ஆனால் மாலை ஏழு மணிக் காட்சியில் அதை அணைத்து வையுங்கள். பல்பை மஞ்சளாக எரியவிட்டு, திண்ணையில் டிரான்சிஸ்டரைப் பாடவிடுங்கள். அப்போதுதான் நம் இரண்டு பேர் பேச்சும் உண்மையாக இருக்கும்.

காட்சியறை:
இதை அப்படியே எடுத்துக்கொள்கிறோம். காலையும் பகலும் கூடத்து வால்வு, ஏழு மணிக்கு மேல் திண்ணை டிரான்சிஸ்டர், வெளியே தூரத்தில் குழாய் ஸ்பீக்கர். கையில் இருப்பது ஒரு பழைய ஏசி-டிசி செட். பத்து வருஷத்துக்கு மேல் பரணில் கிடந்தது. நேராகப் பிளக்கில் செருகலாமா? பதிவை அதன் வழியே ஒலிக்கவிட என்ன வழி?

ஏரியல்கம்பி:
செருகவே செருகாதீர்கள்! ஏசி-டிசி செட்டில் மின்கம்பியின் ஒரு முனை நேராகச் சேசிஸில், அதாவது பாகங்கள் பொருத்திய உலோகத் தட்டில். பிளக் தலைகீழாகப் போனால் சேசிஸ் முழுக்க 230 வோல்ட். திருகின் பிளாஸ்டிக் தலை கழன்றிருந்தால் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் திருகாணியைத் தொட்டாலே போதும். பிள்ளைகள் வரும் அறை. செட்டை மின்கம்பியிலிருந்து பிரித்துவைக்கும் 1:1 ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று, 100 வாட், இல்லாமல் தொடவேண்டாம். செட் இழுப்பது 40, 50 வாட்தான்.

முதலில் மின்சாரமே இல்லாமல் பின்மூடியைக் கழற்றுங்கள். ஃபில்டர் எலக்ட்ரோலைட்டிக், அந்த அலுமினியக் குப்பி, பத்து வருஷம் சும்மா கிடந்தால் காய்ந்திருக்கும். புதிதாக 47 மைக்ரோஃபாரட், 400 வோல்ட் இரண்டு போடுங்கள். அடுத்து, முதல் ஒலி நிலையின் ஆனோடிலிருந்து வெளியீட்டு வால்வின் கிரிட்டுக்குப் போகும் கப்ளிங் கண்டன்சர், 0.01 அல்லது 0.02 மைக்ரோஃபாரட் மதிப்பு, மெழுகுக் காகிதத்தில் செய்தது. இதை மாற்றாமல் ஓட்டவே கூடாது. அது கசிந்தால் கிரிட் நேர்மின் ஆகி, வெளியீட்டு வால்வு அளவுக்குமேல் இழுத்து, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கருகும். பத்து ரூபாய் கண்டன்சருக்காகக் கிடைக்காத டிரான்ஸ்ஃபார்மரை இழப்பீர்கள்.

பிறகு 60 வாட் குண்டு பல்பைத் தொடரில் போட்டு மின்சாரம் கொடுங்கள். எல்ஈடி பல்பு உதவாது. பல்பு ஒரு நொடி பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. மங்காமல் எரிந்தால் உள்ளே ஷார்ட், உடனே எடுங்கள். நல்லபடி இருந்தால் அரைமணி நேரம் அப்படியே விட்டு, பிறகு பல்பை நீக்குங்கள். பாண்ட் சுவிட்சுக்குக் காண்டாக்ட் கிளீனர், டயல் நூல் தளர்ந்திருந்தால் சுருளில் இரண்டரைச் சுற்று.

பதிவை ஒலிக்கவிட, செட்டின் பின்னால் "பி.யு." என்று இரண்டு துளை இருக்கும், கிராமபோன் பிக்கப்புக்காக வைத்தது. அதில் கொடுங்கள். ஆனால் அதுவும் சேசிஸோடு சேர்ந்தது, அதனால் போனையோ கணினியையோ நேராக மாட்டாதீர்கள், நடுவே 1:1 ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். பதிவில் 4500 ஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டிவிடுங்கள், அப்போதுதான் ரேடியோவாகக் கேட்கும். சுவிட்சைத் திருப்பினதும் பாட்டு வராது. டயல் விளக்கு எரிந்து, முப்பது நாற்பது நொடி மௌனம், பிறகு மெல்ல மேலெழும். பார்வையாளரிடம் அந்த மௌனத்தை அவசரப்பட்டு வெட்டாதீர்கள்.

மைக்செட்:
ஹார்னுக்கும் ஒரு எச்சரிக்கை. 300-க்குக் கீழே வெட்டாமல் இன்றைய பதிவைக் கொடுத்தால் கனத்த ஒலி யூனிட்டின் தகட்டைக் கிழித்துவிடும். அழகுக்காக மட்டுமில்லை, ஹார்ன் பிழைக்கவும் வெட்டவேண்டும். மைக்கும் அறைக்குள் வைப்பதானால் ஹார்னின் வாய்க்கு நேராக வைக்காதீர்கள், ஊளையிடும்.

அஞ்சல்பெட்டி:
கடிதத்தில் அந்த ஐந்து காசுத் தலையை அசல் தலையாக ஒட்டவேண்டாம். நிறம் வெளிறும், திருடும் போகும். நகல் ஒட்டிக் கண்ணாடிக்கு அடியில் வையுங்கள்.

நான்குகட்டை:
டிரான்சிஸ்டருக்கு ஒன்று. ஒவ்வொரு நாள் காட்சி முடிந்ததும் நான்கு கட்டையையும் கழற்றி வெளியே வையுங்கள். துத்தநாகக் கூடு கரைந்து ஒழுகினால் ஸ்பிரிங்கும் தகடும் பச்சை பிடித்து, அங்கிருந்து போர்டு வரை போகும். ஏற்கனவே பச்சை பிடித்திருந்தால் வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, தண்ணீர் தொட்ட பஞ்சால் மறுபடி துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் பிறகு போடுங்கள். மத்திய அலையில் உண்மையான திருச்சியைப் பிடிப்பதானால் செட்டை மெல்லச் சுற்றிப் பாருங்கள். உள்ளே ஏரியலாக இருக்கும் ஃபெரைட் தண்டின் முனை நிலையத்தை நோக்கினால் ஒலி விழுந்துவிடும், பக்கவாட்டு நோக்கினால் எழும். திண்ணையில் எந்தப் பக்கம் திருப்பி வைக்கவேண்டும் என்று கண்டுபிடித்து, சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டுவிடுங்கள்.